மலிவு கிட்டாருக்குப் புது பிக்கப்: கேள்வி பதில்

இந்த முறை எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) மாற்றுவது பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பெரும்பாலானவை ஆரம்பநிலை கிட்டார்கள் பற்றியவை. எனக்கும் அதுதான் பிடிக்கும். குறைந்த காசில் வாங்கிய கிட்டாரை நன்றாக ஒலிக்க வைப்பது முடிகிற காரியம், வரிசை தெரிந்து செய்தால்.

மதுரை: அண்ணா, என்கிட்ட ஸ்கொயர் புல்லட் ஸ்ட்ராட்னு ஒரு மலிவு எலக்ட்ரிக் கிட்டார் இருக்கு. சத்தம் மெலிசா, தகர டப்பா மாதிரி வருது. பிக்கப் மாத்தலாம்னு இருக்கேன். எதை வாங்கட்டும்?

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு ஸ்க்ரூடிரைவரும் மில்லிமீட்டர் ஸ்கேலும் எடுங்கள். ஆறாம் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்தக் கம்பத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 2 மி.மீ. அருகில் இருக்க வேண்டும். முதல் கம்பிக்கு 1.6. மலிவு கிட்டார்களில் பிக்கப் பிளாஸ்டிக் தகட்டோடு தகடாக அமுங்கியே கிடக்கும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தூக்கியிருக்கும். இரண்டு பக்கத் திருகையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் வாசித்துக் கேளுங்கள். பிரிட்ஜ் பிக்கப் (கம்பிகள் உடலில் முடியும் பக்கம் இருப்பது) மெலிசாக இருக்கிறது என்று என்னிடம் வரும் கிட்டார்களில் பலவற்றுக்கு வைத்தியம் இத்தோடு முடிந்துவிடுகிறது.

அடுத்தது கம்பி. வாங்கியபோது போட்டிருந்த கம்பியே இன்னும் இருந்தால், அது துருப்பிடித்து எப்போதோ ஒலி செத்துப்போயிருக்கும். அதற்கடுத்து ஆம்ப். 6 இன்ச் ஸ்பீக்கர் வைத்த 10 வாட் பெட்டியில் எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் அடித்தொனி வராது, அந்த ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. நண்பரின் நல்ல ஆம்பில் ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் பிக்கப்பைப் பற்றிப் பேசலாம்.

அப்போது பிக்கப்பைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். கருப்பாக ஒரு பட்டைக் காந்தம் ஒட்டியிருந்தால் அது செராமிக். மேலே தெரியும் ஆறு கம்பங்களும் வெறும் இரும்பு. பட்டை இல்லாமல் ஆறு கம்பங்களே காந்தமாக இருந்தால் அல்நிகோ, அதாவது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம். இரண்டுக்கும் ஒலியில் வித்தியாசம் உண்டு, கீழே திருச்சி நண்பருக்கு விரிவாகச் சொல்கிறேன். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கிச் சுருளில் படக் கூடாது. அந்தச் செம்புக் கம்பியின் கனம் சுமார் 0.06 மி.மீ.தான். ஒரு கீறல் போதும், பிக்கப் ஊமையாகிவிடும்.

சேலம்: 5000 ரூபாய்க்குள்ள பெஸ்ட் பிக்கப் எது?

என்ன கிட்டார், என்ன ஆம்ப், என்ன வாசிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மதுரைக்குச் சொன்ன உயரத்தை முதலில் பாருங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, என்ர கிட்டாரில ஒரே இரைச்சல். கம்பியில கை வைச்சா குறையுது. ஹம்பக்கர் போட்டா நிக்குமோ?

நல்ல கேள்வி, பலருக்கும் உள்ள தொல்லை. இரைச்சலில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆழமான 'ம்ம்ம்'. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் போன்றவற்றின் காந்தப்புலம் சுருளில் ஏறுவதால் வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதே சுருதியிலும் அதன் மடங்குகளிலும் கேட்கும். கிட்டாரைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே திரும்பினால் கூடும், குறையும். இதற்கு ஹம்பக்கர்தான் மருந்து. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம் அது. இரண்டு சுருள்கள், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தமுனை. இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி கூடும்.

இன்னொன்று 'ர்ர்ர்' என்று கூர்மையாக வருவது. நீங்கள் சொல்வது அதுதான். கை வைத்ததும் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் வேலை செய்கிறது, உங்கள் உடம்புதான் ஆன்டெனாவாக இருந்திருக்கிறது. இதற்கு ஹம்பக்கர் ஓரளவுதான் உதவும். கிட்டாரின் உள்குழிக்குள் செம்புத் தாள் ஒட்டி, அதை கிரவுண்டோடு சேர்த்தால் நன்றாகக் குறையும். அதற்கும் முன்னால் அறையைப் பாருங்கள். திருகித் திருகி வேகம் மாற்றும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மங்கலாக்கும் விளக்கு சுவிட்ச், சதுர அலை இன்வெர்ட்டர் மூன்றுமே இந்த ரகச் சத்தத்தைக் கக்கும். ஃபேனை முழுவேகத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கினால் பிக்கப்புக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

ஒன்றை எல்லாருக்கும் சொல்கிறேன். இரைச்சல் குறைகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டாதீர்கள், மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரில் செருகாதீர்கள். கிட்டார் கம்பி ஆம்பின் உலோக உடலோடு நேரே இணைந்திருக்கிறது. உள்ளே ஒரு பழுது வந்தால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரும். கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று அடித்தால், வாசிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வேலூர்: புது ஸ்ட்ராட் பிக்கப் வாங்கினேன். அட்டையில் 5.9 கிலோ ஓம். என் மீட்டரில் 6.25 காட்டுது. போலியா?

இல்லை. உங்கள் ஊர் வெயில். அட்டையில் போட்டிருப்பது பெரும்பாலும் 20 டிகிரி அளவில் எடுத்தது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். 35 டிகிரி அறையில் 5.9 என்பது 6.25 ஆகத்தான் காட்ட வேண்டும். ஏசி அறையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். இந்த எண்ணை வைத்து ஒலியின் பலத்தையும் கணக்கிடாதீர்கள். மெல்லிய கம்பி சுற்றினாலே மின்தடை ஏறிவிடும்.

திருச்சி: செராமிக் என்றாலே மட்டம். கூச்சல். அல்நிகோதான் இசை. இதைச் சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்?

தயங்கவில்லை, அது சரியில்லை என்றுதான் சொல்கிறேன். 1972இல் டிமார்சியோ கொண்டுவந்த சூப்பர் டிஸ்டார்ஷன், தனியாக வாங்கி மாட்டும் பிக்கப் என்ற சந்தைக்கே அடித்தளம் போட்டது. அதில் இருப்பது செராமிக். இஎம்ஜி 81இலும் செராமிக்தான். இவற்றை மட்டம் என்று யாரும் சொல்வதில்லை.

பிக்கப்பின் குணத்தைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அதன் இண்டக்டன்ஸுக்கு (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் தன்மை). அதோடு கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலியைத் தூக்கிக் காட்டும், அதற்கு மேலே வெட்டிவிடும். சாதாரண ஸ்ட்ராட் பிக்கப் 2.4 ஹென்றி, 5 மீட்டர் கேபிளையும் சேர்த்து 600 பிக்கோஃபாரட் என்று வைத்தால், அந்த முகடு 4200 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்தப் பளபளப்பைத்தான் ஸ்ட்ராட் ஒலி என்கிறோம். ஹம்பக்கர் 4.5 ஹென்றி என்றால் முகடு 3000க்கு இறங்கும், தடித்துக் கேட்கும். மலிவு செராமிக் சிங்கிள் காயிலில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) நடுவே இருப்பது இரும்புக் கம்பம். இரும்பு இண்டக்டன்ஸை ஏற்றும், முகட்டின் கூர்மையையும் மழுக்கும். நீங்கள் குறை சொல்ல வேண்டியது அந்த இரும்பை.

திருச்சி (மறுபடியும்): கணக்கு கிடக்கட்டும். நான் மாற்றிய அன்றே ராத்திரி பகல் வித்தியாசம். என் காது பொய் சொல்லாது.

காது பொய் சொல்லவில்லை, வித்தியாசம் நிஜம். ஆனால் அன்றைக்கு என்னவெல்லாம் மாறியது? கம்பம் இரும்பிலிருந்து காந்தமானது. சுற்றுகளின் எண்ணிக்கை மாறியது. உயரம் மாறியது. பிக்கப் மாற்றக் கம்பிகளைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால் புதுக் கம்பியும் போட்டிருப்பீர்கள். இத்தனையையும் விட்டுவிட்டுக் காந்தத்துக்கு மட்டும் மாலை போடுவது நியாயமில்லை.

கோவை: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஹம்பக்கரில் காந்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாமே?

அதுதான் சரியான சோதனை. அடித்தகட்டின் நான்கு திருகுகளைத் தளர்த்தினால் பட்டைக் காந்தம் நழுவி வெளியே வரும். வெளியே எடுக்கும் முன் எந்த முகம் திருகுக் கம்பங்களின் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். செராமிக்கை எடுத்துவிட்டு அல்நிகோ 2 (எண் கலவையின் ரகம்) வைத்தால் ஒலி சற்றுக் குறையும், தாக்கம் மிருதுவாகும். கேட்டால் தெரியும். ஆனால் அதை ராத்திரி பகல் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். 1950களின் கிப்சன் பிக்கப்புகளில் கையில் கிடைத்த அல்நிகோவைப் போட்டார்கள், 2, 3, 4, 5 எல்லாம் கலந்து வந்தன. அவற்றையே இன்றைக்கு எல்லாரும் தேடி அலைகிறார்கள்.

திருச்சி: அப்படியென்றால் அல்நிகோவுக்கு அதிகக் காசு கொடுப்பது வீண் என்கிறீர்களா?

வீண் என்று சொல்லவே இல்லை. ஸ்ட்ராட் வகையில் இரும்புக் கம்பத்திலிருந்து அல்நிகோ கம்பத்துக்குப் போவது நல்ல மாற்றம், நானே பலருக்குச் செய்து கொடுக்கிறேன். யமஹா பசிஃபிகா 112Vஇல் தொழிற்சாலையிலேயே அல்நிகோ 5 வருகிறது. அதை வைத்திருப்பவர் சும்மா இருக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அல்நிகோ 5 கம்பங்களைக் கம்பிக்கு மிக அருகில் ஏற்றினால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும். ஆறாம் கம்பியில் மேல் ஃப்ரெட்டுகள் இரண்டு சுருதியாக அலையும். டியூனிங் போய்விட்டது என்று நினைப்பீர்கள், அரை மி.மீ. இறக்கினால் சரியாகும். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அதே கிட்டாரில் 10 மீட்டர் கேபிள் போட்டுக் கேளுங்கள். முகடு 3100 பக்கம் இறங்கி ஹம்பக்கர் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

திருநெல்வேலி: மரம் பற்றியும் சொல்லுங்க சார். பாஸ்வுட் மட்டம்தானே?

இன்றைக்கு மரம் வேண்டாம். அதைத் தொடங்கினால் மற்றவர்களுக்குப் பதில் கிடைக்காது.

ஈரோடு: 3000 ரூபாய்க்குள் நல்ல பிக்கப்?

சேலத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சிங்கப்பூர்: ஸ்ட்ராட் காப்பியில் பிரிட்ஜில் ஹம்பக்கர் போடணும். அப்படியே உட்காருமா?

பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சில உடல்களில் ஹம்பக்கருக்கான குழி ஏற்கெனவே வெட்டியிருக்கும், தகட்டை மாற்றினால் போதும். சிலவற்றில் சிங்கிள் காயில் அளவுக்கே குழி இருக்கும். உடலும் மெலிதாக இருந்தால் ஆழம் போதாது. மரம் வெட்ட விருப்பமில்லை என்றால் சிங்கிள் காயில் அளவிலேயே இரண்டு பட்டைகள் வைத்த ஹம்பக்கர் கிடைக்கிறது. முழு அளவு வாங்கினால் ஸ்ட்ராட் பிரிட்ஜுக்கு 53 மி.மீ. கம்ப அகலம் உள்ளதைக் கேளுங்கள். பழைய கிப்சன் அளவு 49 சொச்சம், ஓரக் கம்பிகள் கம்பத்தைவிட்டு விலகி நிற்கும். கூடவே நல்ல பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள மின்தடை) வாங்குவதாக இருந்தால், மலிவு கிட்டாரின் தகட்டுத் துளை சிறியது. பெரிய அமெரிக்க பாட்டின் மரைக் கழுத்து கிட்டத்தட்ட 9.5 மி.மீ., துளையை விரிக்க வேண்டும்.

தஞ்சாவூர்: 250 பாட்டா 500 பாட்டா? ஆரஞ்சு கலர் கெப்பாசிட்டர் போட்டால் ஒலி கூடுமா?

சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500. கெப்பாசிட்டரில் மதிப்புதான் முக்கியம், 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சென்னை, குரோம்பேட்டை: அக்கூஸ்டிக் கிட்டாருக்கு எந்த பிக்கப்?

அது பியஸோ (அழுத்தத்தை மின்சமிக்ஞையாக்கும் பொருள்), வேறு உலகம். அது தெரிந்த நண்பர் ஒருவரிடம் அடுத்த முறை கேட்டு வைக்கிறேன்.

கும்பகோணம்: மாண்டலின் மாஸ்டரிடம் படிக்கிறேன். எலக்ட்ரிக் மாண்டலினில் பிருகா வேகமாக வாசிக்கும்போது சில ஸ்வரம் அமுங்குகிறது. பிக்கப் மாற்றலாமா?

இந்தக் கேள்விக்கு நன்றி. யு. ஸ்ரீநிவாஸ் நாலு ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளில் கர்நாடக சங்கீதத்தை வாசித்துக் காட்டியதிலிருந்து நம் மேடைக்கு இந்தத் தேவை இருக்கிறது. கமகத்துக்காகக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது கம்பத்தின் உச்சியைவிட்டு விலகும், ஒலி இறங்கும். தனித்தனிக் கம்பத்துக்குப் பதில் நீளமான ஒரே பட்டை வைத்த பிக்கப் போட்டால் கம்பி எங்கே போனாலும் காந்தப்புலம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஐந்து கம்பிக்கு இடைவெளி பொருந்துமா என்ற கவலையும் இல்லை. உயரத்தைச் சற்றுத் தாழ்வாகவே வையுங்கள். நெருங்கினால் மெல்லிய அனுஸ்வரங்களை முதல் தட்டு விழுங்கிவிடும். கிட்டாரில் கமகம் வாசிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஓசூர்: டிஸ்டார்ஷன் போட்டதும் பிக்கப் கீச்சென்று கத்துகிறது.

சுருள் தளர்வாக இருக்கிறது. மெழுகில் முக்கி எடுக்க வேண்டும், பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு. நேரடி நெருப்பில் வைக்காதீர்கள், மெழுகு பற்றிக்கொள்ளும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 65 டிகிரியைத் தாண்டாமல் பாருங்கள், மலிவு பாபின் (சுருள் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) உருகிவிடும்.

திண்டுக்கல்: பட்ஜெட் 4000. பெஸ்ட் பிக்கப் சொல்லுங்க.

பிக்கப் உயரம் எத்தனை மி.மீ. என்று அளந்து எழுதினால் பதில் சொல்கிறேன். இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லாருக்கும் இதுதான்.

புதுச்சேரி: நாலு கலர் ஒயர் வருகிறது. எதை எங்கே? பழைய நெக் பிக்கப்போடு சேர்த்தால் ஒலி மெலிகிறது என்கிறார்களே?

நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் கருப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாக முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்ற வேண்டியது, பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்ட். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கருப்பும் வெள்ளையும் சேர வேண்டியது, பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்ட். ஒன்றின் படத்தை வைத்து இன்னொன்றை ஒட்டினால் சிக்கல்தான். மெலிவது ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் திசை) எதிராக இருப்பதால். பற்று வைக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம். முள் மீட்டரை பிக்கப் ஒயர்களில் மாட்டி, கம்பத்தின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சட்டென்று எடுங்கள். முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று இரண்டு பிக்கப்பிலும் பாருங்கள். ஒரே பக்கம் என்றால் சரி. எதிர்ப்பக்கம் என்றால் ஒன்றின் சிக்னலையும் கிரவுண்டையும் இடம் மாற்றுங்கள். ஆனால் அந்த வெற்றுக் கம்பியைத் தொடாதீர்கள், அது எப்போதும் கிரவுண்டில்தான்.

சால்டரிங் அயர்ன் 40 வாட் எடுங்கள். 25 வாட்டில் பாட்டின் முதுகு சூடேறவே நேரமாகும், அதற்குள் உள்ளே இருக்கும் கார்பன் தடம் கெட்டுவிடும். ரோசின் உள்ளே வைத்த 60/40 ஈயம் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். குழாய் வேலைக்கான அமில பேஸ்ட் வேண்டாம். பழைய ஒயரிங்கை ஃபோனில் படம் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஒயராக மாற்றுங்கள்.