வீட்டிலேயே எலெக்ட்ரிக் பேஸ் கிதார் செய்ய எந்த மரம் நல்லது? தேக்கு, ஈட்டி சரிவருமா?

பழைய தேக்குப் பலகைகள் கைவசம் இருக்கின்றன, அவற்றில் உடலை வெட்டி மேலே ஈட்டி ஒட்டினால் தொனி கனமாக வருமா, கழுத்துக்கு எந்த மரம், அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலமா 30 அங்குலமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பொழுதுபோக்காக பேஸ் செய்கிறவன்தான், இது என் தொழில் இல்லை. உங்கள் திட்டத்தை நானாக இருந்தால் அப்படியே திருப்பிப் போடுவேன். தேக்கைக் கழுத்துக்கு ஒதுக்குங்கள். உடலுக்கு வேறு ஏதாவது லேசான மரம் பாருங்கள். ஈட்டி ஃபிரெட்போர்டுக்கு, அதாவது ஃபிரெட் கம்பிகள் பதித்து விரல் அழுத்துகிற பலகைக்கு, மட்டும் போதும்.

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 45 மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிய சாதாரண நான்கு தந்தி பேஸின் உடல், குழிகளெல்லாம் தோண்டிய பிறகு, ஏறக்குறைய நாலரை லிட்டர் கன அளவு வரும். ஆல்டர் மரம் லிட்டருக்குச் சுமார் 450 கிராம், ஆக உடல் 2 கிலோ. தேக்கு 650 கிராம் அளவில் இருக்கும், உடல் 2.9 கிலோ. ஈட்டி 830-ஐத் தொடும், முழு உடலும் அதிலேயே என்றால் 3.7 கிலோ. கழுத்து, டியூனர்கள் (தந்தியை முறுக்கும் திருகுகள்), பிரிட்ஜ் (உடலில் தந்தியைத் தாங்கும் பாலம்), பிக்கப் எல்லாம் சேர்ந்து இன்னும் ஏறத்தாழ 2 கிலோ. தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று வாசிக்கப்போவது நீங்கள்தான். 4 கிலோ பேஸுக்கும் 5 கிலோ பேஸுக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரிவதற்கு முன்பே தோளுக்குத் தெரிந்துவிடும்.

மரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 4.5 தடிமனில் ஒரு துண்டை வெட்டித் தராசில் வையுங்கள். அது 2.7 லிட்டர். 1.2 முதல் 1.5 கிலோவுக்குள் நின்றால் உடலுக்குத் தாராளமாக எடுக்கலாம். மகோகனி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும், அதுவும் சரிதான். பௌலோனியா மாதிரி மிக லேசான மரமும் கிடைக்கிறது, ஆனால் அதில் திருகு பிடிமானம் குறைவு. கழுத்தைப் பூட்டும் இடத்தில் உலோக மரைக்கூடு பதிக்க வேண்டியிருக்கும்.

சரி, தொனி? இங்கேதான் எல்லாரும் சண்டை போடுவார்கள். காந்த பிக்கப் மரத்தைக் கேட்பதில்லை, தன் காந்தப்புலத்தில் எஃகுத் தந்தி அசைவதைத்தான் மின்சாரமாக மாற்றுகிறது. தந்தியின் இரு முனைகளும் எவ்வளவு அசைந்து கொடுக்கின்றன என்பதன் வழியாக மட்டுமே மரம் உள்ளே வர முடியும். 1951-இல் லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸை ஆஷ் மர உடலோடு கொண்டுவந்தார், 1950-களின் நடுவில் ஆல்டருக்கு மாறினார். இரண்டும் சுலபமாகக் கிடைத்த, வேலைக்கு இசைந்த மரங்கள், ஆல்டரின் மூடிய துளைகளில் பெயின்ட் எளிதாக ஏறும். காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான் என்பது என் கருத்து. 1969-இல் ஆம்பெக் நிறுவனத்துக்காக டான் ஆம்ஸ்ட்ராங் வடிவமைத்த பேஸின் உடல் ஒளி ஊடுருவும் அக்ரிலிக். 1980-ஐ ஒட்டி நெட் ஸ்டைன்பெர்கர் கொண்டுவந்த தலையில்லாத பேஸில் மரமே கிடையாது, கார்பன் இழையும் பிசினும்தான். எதையும் பேஸ் இல்லை என்று யாரும் ஒதுக்கவில்லை. ஆகவே உடலின் மேல் ஈட்டித் தகடு அழகுக்கு என்றால் ஒட்டிக்கொள்ளுங்கள், 3 மில்லிமீட்டர் போதும். தொனிக்காக வேண்டாம்.

கழுத்து வேறு கதை. நான்கு தந்திகளையும் சுருதி சேர்த்துவிட்டால் மொத்த இழுவை 70 முதல் 80 கிலோ வரை போகும். ஒரு வளர்ந்த ஆளின் எடையைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்கிற ஒரு குச்சி வருடக்கணக்கில் தாங்க வேண்டும். அது வளையவும் கூடாது, முறுக்கவும் கூடாது. வளைவை டிரஸ் ராட், அதாவது கழுத்துக்குள் பதிக்கும் இரும்புக் கம்பி, பார்த்துக்கொள்ளும். முறுக்கிக்கொண்ட கழுத்துக்கு அதனால் வைத்தியம் செய்ய முடியாது.

தேக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. விறைப்பில் அது ஹார்டு மேப்பிளுக்குக் கிட்டத்தட்ட சமம், எடையில் ஒரு படி குறைவு. ஈரம் ஏறி இறங்கும்போது அது சுருங்குவதும் விரிவதும் மேப்பிளைவிடக் குறைவு. பழைய பலகை என்பதால் நன்றாகக் காய்ந்தும் இருக்கும். ஆனால் முழுப் பலகையில் ஒரே துண்டாகக் கழுத்தை வெட்டாதீர்கள். 22 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டைகள் அறுத்து, ஒவ்வொன்றையும் கால் திருப்பு திருப்பி, ரேகை செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். நடுப்பட்டையை மட்டும் தலைகீழாக மாற்றிப் போட்டு ஒட்டுங்கள். ஒரு பட்டை ஒரு பக்கம் முறுக்க நினைத்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் இழுக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது ரேகை கழுத்தின் நீளத்துக்கு இணையாக ஓட வேண்டும். சரிந்து வெளியேறும் ரேகையும் கணுவும் உள்ள துண்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய மரத்தில் வேலை செய்வதற்கென்று சில பாடுகள் உண்டு. அறுக்கும் முன் காந்தம் வைத்து ஒவ்வொரு அங்குலமாகத் தேடுங்கள், தலை உடைந்த ஆணி உள்ளே இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும். பட்டைகளை முதலில் நாலைந்து மில்லிமீட்டர் கூடுதலாக அறுத்து, காற்றுப் படும்படி இரண்டு மூன்று வாரம் சும்மா வைத்திருங்கள். உள்ளே இருந்த இறுக்கம் அறுத்தவுடன் விடுபட்டு பட்டை வளையும். வளைவது எல்லாம் வளைந்து முடியட்டும், அப்புறம் இழைத்து நேராக்கலாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் இழைப்புளியின் தகடு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். எண்ணெய்ப் பசையும் உண்டு. அதனால் ஒட்டும் பரப்பைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது உலர்ந்த உடனே எபாக்சி போட்டுக் கிளாம்ப் இறுக்கிவிடுங்கள். மறுநாள் ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

விறைப்பு குறைகிறதோ என்று சந்தேகம் இருந்தால் தடிமனைப் பாருங்கள். விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது: 20 மில்லிமீட்டர் கழுத்தை 21 ஆக்கினாலே சுமார் 16 சதவீதம் கூடிவிடும். விலை உயர்ந்த வெங்கே மரம் வாங்குவதைவிட ஒரு மில்லிமீட்டர் மரத்தை விட்டுவைப்பது மலிவு. டிரஸ் ராடுக்குப் பள்ளம் எடுக்கும்போதும் இந்தக் கணக்கு வேண்டும். மொத்தம் 20 மில்லிமீட்டரில் ஃபிரெட்போர்டு 6 போனால் மிச்சம் 14. ராடு பள்ளம் 10 ஆழம் என்றால் பின்பக்கம் நிற்பது வெறும் 4. பின்பக்கத்தை உருட்டிச் செதுக்கும்போது இதை மறந்தால் ராடு வெளியே எட்டிப்பார்க்கும்.

மரம் சத்தத்தில் தலையிடுவதை நீங்கள் நேரடியாகக் கேட்கக்கூடிய இடமும் கழுத்துதான். போல்ட் போட்டுப் பூட்டிய பல பேஸ்களில் ஜி தந்தியின் 5 முதல் 7 வரையிலான ஃபிரெட்டுகளில் ஏதோ ஒன்றில் சுரம் சட்டென்று செத்துவிடும். கழுத்தின் சொந்த அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய் தந்தியின் ஆற்றலை உறிஞ்சிவிடுவதுதான் காரணம். தலைப்பகுதியில் ஒரு சின்ன கிளாம்பை மாட்டிப் பாருங்கள், அந்தச் செத்த இடம் வேறு ஃபிரெட்டுக்கு நகரும். விறைப்பான கழுத்தும் லேசான டியூனர்களும் அந்த அதிர்வை மேலே தள்ளும். முழுவதுமாக ஒழித்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நீளத்துக்கு வருகிறேன். முதல் பேஸுக்கு 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். எல்லாத் தந்தி செட்டும் கிடைக்கும், 41 ஹெர்ட்ஸில் அடிக்கிற கீழ் ஈ தந்தி தளர்ந்து தொங்காது. 30 அங்குலம் விரலுக்கு இதம், சத்தம் கொஞ்சம் உருண்டையாக வரும், கை சின்னது என்றால் தயங்காமல் அதையே எடுங்கள். ஃபிரெட் கணக்கு எளிது. மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட் வரைக்கும் உள்ள தூரம். 34 அங்குலத்தில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் சிறு கட்டை) 48.47 மில்லிமீட்டர், இரண்டாவது 94.22, பன்னிரண்டாவது சரிபாதியில் 431.8. குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஃபிரெட்டுக்கு ஃபிரெட் தாவினால் சின்னச் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து கடைசியில் பெரிதாகிவிடும்.

மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு நீளக் காகிதத்தில் முழு அளவுப் படம் போடுங்கள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரிட்ஜின் உயரம், ஃபிரெட்போர்டு உடலுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது, கழுத்துக் குழியின் ஆழம் இந்த மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று அதில்தான் தெரியும். பிரிட்ஜைக் கையில் வாங்கிய பிறகே இந்தப் படத்தைப் போடுங்கள். தந்திகளுக்கு இடையே பிரிட்ஜில் 19 மில்லிமீட்டர், நட்டின் அகலம் 38 முதல் 42. கழுத்து எங்கே குறுகத் தொடங்குகிறது என்பதெல்லாம் இந்த இரண்டு எண்களை இணைத்துக் கோடு போட்டால் தானாக வந்துவிடும்.

உடலின் வடிவம் உங்கள் ரசனை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மேல் கொம்பில் தோள் வார் மாட்டும் குமிழ் 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேராக, அல்லது அதற்கு அருகில் வர வேண்டும். கொம்பு குட்டையானால் கையை எடுத்தவுடன் தலை தரையைப் பார்க்கும். உடலை லேசாக்கினால் இந்தச் சிக்கல் கூடும் என்பதும் உண்மை. சாதாரண டியூனர் ஒன்று சுமார் 100 கிராம், நான்கும் நெம்புகோலின் கடைக்கோடியில் உட்கார்ந்திருக்கின்றன. லேசான டியூனர்களுக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

பிக்கப்பை எங்கே வைப்பது என்பதில்தான் தொனியின் பெரும்பங்கு இருக்கிறது. அதே பிக்கப்பை பிரிட்ஜை நோக்கி ஓர் அங்குலம் நகர்த்தினால் வரும் மாற்றம், மரத்தை மாற்றினால் வராது. பழகிய சத்தம் வேண்டும் என்றால் 1957-இல் வந்த இரண்டு துண்டு பிரெசிஷன் பிக்கப்பின் இடத்தை அப்படியே அளந்து எடுங்கள். சொந்தமாகத் தேட ஆசை என்றால், குழியை நீளவாக்கில் பெரிதாக எடுத்து மேலே பிளாஸ்டிக் தகடு போட்டு மூடுங்கள். பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்திப் பார்க்கலாம்.

கடைசியாக, ஈட்டித் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, தேய்க்கும்போது நல்ல முகமூடி போடுங்கள். 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் கச்சாப் பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் அனுமதிக் காகிதம் கேட்பார்கள்.

உங்கள் தேக்குப் பலகை 900 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் போல்ட் கழுத்துக்குப் போதும். உடல் முழுக்க ஊடுருவும் கழுத்து வேண்டும் என்றால் 1200 தேவை. நீளமும் தடிமனும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எத்தனை பட்டை தேறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.