துலரோசாவில் வளர்ந்த தாயாரின் புற்றுநோய்: மகள் அமெரிக்க அரசிடம் இழப்பீடு கோரலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கியில் வசிக்கிறோம். என் மனைவி இந்த மாநிலத்துக்காரர். அவருடைய தாயார் 1943இல், உலகின் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த இடத்தை அடுத்துள்ள துலரோசா என்ற ஊரில் பிறந்து, 1961இல் திருமணமாகும்வரை அங்கேயே வாழ்ந்தவர். 1996இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது, 2011இல் காலமானார். மாமனார் அதற்கு முன்பே இறந்துவிட்டார். முன்பு விசாரித்தபோது நியூ மெக்சிகோக்காரர்களுக்கு இழப்பீடு கிடையாது என்றார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டதாகவும், வரும் தொகையில் கால் பங்கு கொடுத்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். அணுகுண்டுச் சோதனையால்தான் புற்றுநோய் வந்தது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி நிரூபிப்பது? மனைவியின் சித்தப்பா 1974 முதல் 1979 வரை இதே மாநிலத்தின் கிராண்ட்ஸ் பகுதியில் யுரேனியச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இப்போது பல்மனரி ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயால் அவதிப்படுகிறார். அவருக்கும் வழி உண்டா?

பதில்: உங்கள் மனைவி விண்ணப்பிக்கலாம். சித்தப்பாவும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தக் கால் பங்கு ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்திட வேண்டாம். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முன்பு உங்களுக்குச் சொல்லப்பட்டது அன்றைய நிலவரப்படி சரியே. கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம் 1990இல் இயற்றப்பட்டபோது, நெவாடா அணுகுண்டுச் சோதனைத் தளத்திலிருந்து காற்று வீசிய திசையில் இருந்த நெவாடா, யூட்டா, அரிசோனா மாநிலங்களின் சில கவுண்டிகளில் (மாவட்டங்களில்) வாழ்ந்தவர்களைத்தான் ‘டவுன்விண்டர்’ என்று ஏற்றுக்கொண்டது. உலகின் முதல் அணுகுண்டு 1945 ஜூலை 16 அதிகாலையில் நியூ மெக்சிகோ மண்ணில்தான் வெடித்தது. சுற்றியிருந்த மக்களுக்கு முன்னெச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துவிட்டதாக ராணுவம் அறிவித்தது. மழைநீரைத் தொட்டியில் சேர்த்துக் குடித்தவர்களும், வீட்டு மாட்டுப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்களும் தங்கள் தலையில் என்ன விழுந்தது என்றே தெரியாமல் வாழ்ந்தார்கள். அந்த மக்களுக்கு 35 ஆண்டுகளாக இந்தச் சட்டத்தில் இடமே இல்லாமல் இருந்தது பெரிய அநீதி என்பதே என் கருத்து. துலரோசா பகுதி மக்கள் 2005 முதல் அமைப்பாகத் திரண்டு விடாமல் கேட்டுவந்ததன் பலன், 2024 ஜூனில் காலாவதியான சட்டம் 2025 ஜூலை 4 அன்று உயிர்பெற்றபோது கிடைத்தது. இப்போது நியூ மெக்சிகோ மாநிலம் முழுவதும் பட்டியலில் இருக்கிறது. டவுன்விண்டருக்கான தொகை 50,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்ந்திருக்கிறது.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கதிர்வீச்சால்தான் நோய் வந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் ஒருவர் வாழ்ந்தார், பட்டியலில் உள்ள நோய் அவருக்கு வந்தது என்று காட்டிவிட்டால், காரணம் எது என்ற விவாதத்துக்குள் இந்தச் சட்டம் போவதில்லை. நியூ மெக்சிகோவைப் பொறுத்தவரை 1944 செப்டம்பர் 24 முதல் 1962 நவம்பர் 6 வரையிலான காலத்தில் மொத்தம் ஓராண்டு வாழ்ந்திருந்தால் போதும். மார்பகப் புற்றுநோய் பட்டியலில் உள்ள நோய். ஆகவே விஞ்ஞானக் கட்டுரைகளைத் திரட்டுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், பழைய காகிதங்களைத் தேடுவதில் செலவழியுங்கள். விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் காகிதக் குறையால்தான்.

வசித்ததற்கு ஆதாரமாகப் பள்ளிப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, அந்தக் காலத்தில் அங்கே பிறந்த உடன்பிறந்தோரின் பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோரின் வரி ரசீதுகள் ஆகியவற்றைத் தேடுங்கள். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் 2022 ஏப்ரலில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டுவிட்டன; தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் குடும்பத் தலைவரின் பெயரைக் கொண்டு தேடினால், ஆறேழு வயதுச் சிறுமியாக உங்கள் மாமியாரின் பெயர் அந்த வீட்டு வரிசையில் இருக்க வாய்ப்புண்டு. ஒரே ஆவணத்தோடு நிறுத்தாமல் வெவ்வேறு ஆண்டுகளுக்கு உரிய இரண்டு மூன்றைச் சேர்த்துவிடுங்கள். உறவினரின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது ஆபத்து. ஞானஸ்நானப் பதிவில் ஒருவிதமாகவும் பள்ளிப் பதிவில் வேறுவிதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்தால், இருவரும் ஒருவரே என்பதை விளக்கும் குறிப்பையும் திருமணச் சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

மருத்துவ ஆவணத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். புற்றுநோய் மார்பகத்திலேயே முதலில் தோன்றியது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். நோய் கல்லீரலுக்குப் பரவி மரணம் நேர்ந்திருந்தால் இறப்புச் சான்றிதழில் ‘கல்லீரல் புற்றுநோய்’ என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே அனுப்பினால் குழப்பம்தான் மிஞ்சும். 1996ஆம் ஆண்டின் பயாப்சி (திசுப் பரிசோதனை) அறிக்கையோ அறுவைச் சிகிச்சைக் குறிப்போ கிடைத்தால் மிகவும் நல்லது. மருத்துவமனை பழைய கோப்புகளை அழித்துவிட்டிருந்தால் மனம் தளர வேண்டாம். நியூ மெக்சிகோ மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டில் அந்தத் தகவல் இருக்கக்கூடும்.

பாதிக்கப்பட்டவர் உயிரோடு இல்லாதபோது தொகை வாழ்க்கைத் துணைக்குச் சேரும். துணையும் இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சம பங்காகச் சேரும். உங்கள் மனைவிக்கு உடன்பிறந்தோர் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுத் தனியாக விண்ணப்பிக்க நினைக்க வேண்டாம். மாமனாரின் இறப்புச் சான்றிதழும், பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படும்.

கால் பங்கு கேட்பவரைப் பற்றி: புதிதாகத் தாக்கல் செய்யும் விண்ணப்பத்துக்கு வழக்கறிஞரே ஆனாலும் தொகையில் 2 சதவீதத்துக்கு மேல் பெறக்கூடாது என்று இந்தச் சட்டமே வரம்பு விதித்திருக்கிறது. நிராகரிக்கப்பட்டதை மறுபடி தாக்கல் செய்யும்போதுதான் அது 10 சதவீதம் வரை போகலாம். அதாவது 1,00,000 டாலரில் 2,000 டாலர் வாங்க வேண்டிய இடத்தில் 25,000 கேட்கிறார். வரம்பை மீறுவது அபராதத்துக்குரிய குற்றம். வழக்கறிஞர் இல்லாமலே அமெரிக்க அரசின் நீதித்துறைக்கு (Department of Justice; நீதிமன்றம் அல்ல) நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியும். உங்கள் மனைவியின் நிலை சிக்கலற்றது என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

விண்ணப்பம் 2027 டிசம்பர் 31க்குள் தாக்கலாக வேண்டும். ஒருவேளை நிராகரித்தால் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தொகையை ஏற்றுக்கொண்டால், இதே பாதிப்புக்காக மத்திய அரசின் மீது வேறு வழக்குத் தொடர முடியாது. உங்கள் நிலையில் அது இழப்பல்ல.

சித்தப்பாவின் விஷயம் அவசரமானது. பழைய சட்டம் 1971 இறுதிவரை வேலை செய்தவர்களை மட்டுமே ஏற்றது. இப்போது 1990 இறுதிவரை நீண்டிருக்கிறது. ஓராண்டுப் பணி போதும் எனும்போது அவருக்கு ஐந்தாண்டு இருக்கிறது; நோயும் பட்டியலில் உள்ளதே. சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் நிறுவனவாரியான ஊதியப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சுரங்க நிறுவனம் எந்த ஆண்டில் சம்பளம் கொடுத்தது என்பது அதில் இருக்கும். மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் செயல்திறன் பரிசோதனை முடிவுகளை இப்போதே மருத்துவரிடம் பெற்றுவிட வேண்டும். இழப்பீடு அனுமதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் தொகையும் மருத்துவச் செலவும் தரும் தனித் திட்டம் ஒன்று தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. நீதித்துறையின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்தவுடன் அதற்கும் அவர் பெயரில் மனுச் செய்யுங்கள்.