வியட்நாமில் சாம்பார் கேரண்டி

கேள்வி: அடுத்த மாதம் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு வியட்நாம் போகிறோம். ஹனோய், ஹா லாங், டா நாங், ஹோ சி மின் நகரம் என்று திட்டம். டூர் ஏஜென்ட், 'மூன்று வேளையும் இந்தியச் சாப்பாடு கேரண்டி' என்கிறார். 'சாம்பார் சாப்பிடவா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?' என்று தம்பி கேலி செய்கிறான். மனைவி சுத்த சைவம். அம்மா கோழியும் மீனும் சாப்பிடுவார். மாட்டிறைச்சி சமைக்கிற கடைக்குள் கால் வைக்க மாட்டார். நாங்கள் துணிந்து சாப்பிடக்கூடிய உள்ளூர் உணவு ஏதாவது அங்கே உண்டா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மனைவி எதைச் சாப்பிட மாட்டார், அம்மா எங்கே வர மாட்டார் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தடை என்று ஒரு வரிகூட இல்லை. பயம் யாருக்கு என்று உங்கள் தம்பிக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது.

முதலில் அந்தக் கேரண்டியைப் பார்ப்போம். ஏஜென்ட் சொல்கிற 'இந்தியச் சாப்பாடு' பெரும்பாலும் பன்னீர் பட்டர் மசாலா, தால், ஜீரா ரைஸ், நாண். தஞ்சாவூர்க்காரருக்கு அதுவும் வெளியூர்ச் சாப்பாடுதான். சாம்பார் வருமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். ஏஜென்ட் ஒப்பந்தம் போட்ட ஹோட்டல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பஸ் போகும். ஹனோயின் பழைய நகரத் தெருக்களில் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கிற மத்தியான வேளையில், நீங்கள் பஸ்ஸில் ஏறி இன்னொரு மூலையில் பஃபே வரிசையில் நிற்பீர்கள்.

அந்த ஊரில் சாப்பாடு கடிகாரத்தைப் பார்த்து நடக்கிற விஷயம். தெருக்கடைகளில் பலவும் ஒரே ஒரு பண்டம்தான் செய்யும். காலையில் திறந்து, பானை காலியானதும் மூடிவிடும். ஓட்டலில் இலவச டிபனை ஒன்பது மணி வரை சாப்பிட்டுவிட்டு இறங்கினால் நல்லதெல்லாம் போயிருக்கும். அதனால் ஹனோயில் ஒரு நாளாவது விடிந்ததும் வெளியே போங்கள்.

அந்த நேரத்துக்கு உரியது ஃபோ. சூடான சாற்றில் தட்டையான அரிசி நூடுல்ஸ், மேலே இறைச்சி, வெங்காயத்தாள். சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கறுப்பு ஏலக்காய் எல்லாம் போட்டு எலும்பை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். வடக்கே ஹனோயில் அது அடக்கமாக வரும். தெற்கே போனால் முளைகட்டிய பயறு, துளசி வகை இலைகள், இனிப்புச் சாஸ் என்று பக்கத்தில் ஒரு தட்டே வைப்பார்கள். எனக்கு வடக்குதான். சாறு நன்றாக இருந்தால் அதற்கு எதற்கு அத்தனை நகை?

அம்மாவுக்காக இதைக் கவனியுங்கள். ஃபோ இரண்டு வகை: 'போ' (பி, ஓ) என்றால் மாடு, 'கா' (ஜி, ஏ) என்றால் கோழி. கோழி மட்டும் போடுகிற ஃபோ கடைகள் ஹனோயில் தனியாகவே இருக்கின்றன. வியட்நாமிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள் என்பதால் பலகையை நீங்களே எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். தாய்லாந்தில் இந்த வசதி கிடையாது. ஆனால் அம்மா மாட்டைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறார் என்றால், அங்கே அதிகம் சாப்பிடுவது பன்றி இறைச்சி என்பதையும் சொல்லிவிடுங்கள். ஹனோயின் மத்தியானச் சாப்பாடான புன் சா அதுதான்: கரியில் சுட்ட பன்றி இறைச்சி, புளிப்பும் இனிப்புமான சாறு, அரிசி நூடுல்ஸ், ஒரு கூடை பச்சிலை. 2016 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் சமையல் கலைஞர் ஆந்தனி போர்டெயினும் ஹனோயில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டது இதைத்தான். பில் 6 டாலர், போர்டெயின் கொடுத்தார். அந்த மேசையைக் கடைக்காரர்கள் பிறகு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். பன்றி உங்களுக்குச் சரி என்றால் சாப்பிடுங்கள், கூண்டைப் பார்க்க மட்டும் போக வேண்டாம்.

இனி உங்கள் மனைவி. வெளிநாட்டில் சைவத்துக்கு வழியில்லை என்று நம் ஊரில் பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். வியட்நாம் விஷயத்தில் அது தவறு. அங்குள்ள மகாயான பௌத்தத்தில் துறவிகளும் துறவினிகளும் முழுச் சைவம். சாதாரணக் குடும்பத்தினர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, இறைச்சியைத் தொடமாட்டார்கள். அந்த நாட்களில் வழக்கமான தெருக்கடைகளில் சில சைவத்துக்கு மாறிவிடும். உங்கள் பயணத் தேதியில் அமாவாசையோ பௌர்ணமியோ வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். வந்தால் உங்கள் மனைவிக்கு அதிர்ஷ்டம்.

மற்ற நாட்களிலும் ஊருக்கு ஊர் சைவக் கடைகள் உண்டு. பலகையில் சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'ச்சாய்' என்பது போல ஒலிக்கும். அது பௌத்த மரபில் வந்த சைவம். கண்டிப்பான கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சோறு, தக்காளிக் குழம்பில் போட்ட டோஃபு, வதக்கிய கீரை, காளான், பலாக்காய், தெளிவான ஒரு சூப் என்று கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருக்கும். கையைக் காட்டினால் தட்டில் வைப்பார்கள். விலையும் குறைவு. அம்மாவும் அங்கே நிம்மதியாக உட்காரலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: கோதுமைப் புரதத்திலும் சோயாவிலும் இறால், மீன், கோழிக்கால் உருவங்களை அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பார்கள். தெரியாமல் பார்த்தால் அம்மா எழுந்து வெளியே வந்துவிடுவார்.

சாதாரணக் கடையில் மட்டும் 'இறைச்சி வேண்டாம்' என்று சொல்லி மனைவிக்கு வாங்காதீர்கள். மேலே இருக்கிற துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டது அதுதான். சாறு எலும்புச் சாறாகவே இருக்கும். காய்கறியை வதக்குவதிலும் நுவக் மாம் இருக்கும். நெத்திலியையும் உப்பையும் மரப்பீப்பாயில் போட்டு ஒரு வருடம் போல ஊறவைத்து வடிக்கிற மீன் சாறு அது. ஃபு குவோக் தீவில் எடுப்பதற்குப் பெயர் அதிகம். 2012-இல் ஐரோப்பிய யூனியன் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பே கொடுத்தது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிக்காமல் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு வாயில் நீர் ஊறுகிற ஊர்க்காரர்கள் இதற்கு மூக்கைப் பொத்துவதில் நியாயமில்லை. காலையில் விற்கும் சோய் என்ற ஒட்டரிசிச் சோற்றில்கூட, மஞ்சளும் பாசிப்பருப்பும் பார்க்கப் பொங்கலாகத் தெரிந்தாலும், மேலே விடுவது பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டா நாங் போகிறீர்கள். ஏஜென்டின் திட்டத்தில் பா நா மலையும், இரண்டு பெரிய கைகள் தாங்குவது போலக் கட்டிய அந்தப் பாலமும் கட்டாயம் இருக்கும். சரி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு 30 கிலோமீட்டர் தெற்கே ஹோய் ஆன் போங்கள். அங்கே காவ் லாவ் என்று ஒன்று உண்டு. தடித்த, கொஞ்சம் மெல்ல வேண்டிய நூடுல்ஸ், பன்றி இறைச்சி, கீரை, மொறுமொறுப்பாகப் பொரித்த துண்டுகள், அடியில் கொஞ்சமே சாறு. அந்த ஊரின் பா லே கிணற்றுத் தண்ணீரும், பக்கத்துச் சாம் தீவுகளின் மரச் சாம்பல் கரைத்த நீரும் இருந்தால்தான் அந்த நூடுல்ஸ் அமையும் என்பது உள்ளூர்க்காரர்களின் பெருமை. சாம்பலின் காரத்தன்மைதான் அதற்கு அந்த நிறத்தையும் பதத்தையும் கொடுக்கிறது. கிணறு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஊருக்குள் அதைச் சொல்லாதீர்கள். சைவக் கடைகளில் இதையே டோஃபு போட்டும் தருகிறார்கள்.

மத்தியப் பகுதியிலும் தெற்கிலும் கிடைக்கும் 'பான் ஸேவ்' என்ற பண்டத்தை உங்கள் வழிகாட்டி 'வியட்நாம் தோசை' என்பார். நம்பாதீர்கள். அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப் பால், எண்ணெய் நிறைய. மாவு புளிப்பதே இல்லை. உள்ளே இறாலும் பயறு முளையும். உடைத்து, கீரை இலையில் சுருட்டி, சாற்றில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தோசை என்று நினைத்துச் சட்னி தேடினால் ஏமாற்றம்தான். கூடவே வரும் பச்சிலைக் கூடையில் புதினா தெரிந்த முகம். இன்னொரு இலையில் மீன் வாடை அடிக்கும். அது கெட்டுப்போகவில்லை, அந்த இலையின் குணமே அப்படி. வயிறு நலுங்குகிறவர்கள் முதல் நாள் பச்சிலையை விட்டுவிடுங்கள்.

ஹோ சி மின் நகரத்தில் கொம் தாம். நாம் நொய் என்று ஒதுக்குகிற உடைந்த அரிசிச் சோறு. ஆலையில் மிஞ்சியது என்று ஏழைகள் சாப்பிட்டது, இன்று நகரமே வரிசையில் நின்று காலையிலேயே சாப்பிடுகிறது. சுட்ட இறைச்சி, முட்டை, ஊறவைத்த காய் துணைக்கு. அங்கேயே பான் மீ ரொட்டியும். நீள ரொட்டியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். உள்ளே இறைச்சி, ஊறுகாய்க் காய், கொத்தமல்லி, மிளகாய் வைத்து அதைக் கையில் எடுத்துப் போகிற சாப்பாடாக்கியது சைகோன், அதாவது இதே நகரம், பழைய பெயரில். முட்டை மட்டும் வைத்துத் தரச் சொன்னால் அம்மாவுக்கு ஆகும்.

அந்த நகரத்தில் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்தினார்கள். அந்தக் காலத்துத் தமிழர்களின் தடம் அது. இன்று அங்கே வந்து கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். அம்மாவைக் கூட்டிப்போங்கள். அப்புறம் 'கா ரி கா' கேளுங்கள்: இந்தியர்கள் வழி போன கறிப்பொடியில், தேங்காய்ப் பாலும் எலுமிச்சைப் புல்லும் சேர்த்த கோழிக் குழம்பு, தொட்டுக்கொள்ள பிரெஞ்சு ரொட்டி. இந்தியச் சாப்பாடு வேண்டுமென்றால் இதைவிட நல்ல இந்தியச் சாப்பாடு அந்த நாட்டில் கிடையாது.

காப்பியைச் சொல்லாமல் தஞ்சாவூர்க்காரரை அனுப்ப முடியாது. உலகில் பிரேசிலுக்கு அடுத்து அதிகக் காப்பி விளைவிக்கும் நாடு அது, பெரும்பாலும் ரொபஸ்டா. டம்ளர் மேல் சின்ன ஃபில்டரை வைத்து, சொட்டுச் சொட்டாக இறங்குகிற டிகாக்‌ஷனில் கண்டென்ஸ்டு மில்க் கலந்து ஐஸ் போட்டுத் தருவார்கள். கசப்பு தூக்கும், நம் ஆட்களுக்குப் பிடிக்கும். ஹனோயில் முட்டைக் காப்பியும் உண்டு. 1946-இல் பாலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அங்கே ஓட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜாங் என்பவர் மஞ்சள் கருவை அடித்து நுரையாக்கிக் காப்பி மேல் ஊற்றினார். முட்டை வாடை அடிக்காது. காப்பி என்று குடிக்காதீர்கள், இனிப்பாகச் சாப்பிடுங்கள்.

சுத்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். கொதிக்கிற பானை, உள்ளூர்க் கூட்டம், ஒரே பண்டம்: இந்த மூன்றும் உள்ள கடை போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

ஏஜென்டிடம் இன்றே பேசுங்கள். காலையும் மத்தியானமும் அவருடைய சாப்பாட்டை எடுத்துவிட்டு அதற்குரிய பணத்தைக் கழிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் மத்தியானமாவது. கழிக்கிற பணத்தில் தெருவில் குடும்பமே இரண்டு வேளை சாப்பிடலாம். இரவு மட்டும் அவருடைய பன்னீர் இருக்கட்டும், பிள்ளைகள் தூக்கத்தில் அதையாவது சாப்பிடுவார்கள். எப்படியும் புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்துப் போகத்தான் போகிறீர்கள். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள், விமான நிலையச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். செக்-இன் பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் கவர் சுற்றி.