கிளாஸை விட்டா கிரியேட்டிவிட்டி வந்துடுமா?

கேள்வி: ஜென் துறவிகள் எதையும் யோசிக்காம ஒரே மூச்சுல வட்டம் போடறாங்க, அதையே பெரிய ஓவியம்ங்கறாங்க. மூணு வருஷமா டிராயிங் கிளாஸ் போயிட்டு இருக்கேன். என் கற்பனையை நானே கொல்றேனோன்னு தோணுது. மனசைக் காலி பண்ணினா போதாதா?

பதில்: போதாதுங்க. அந்த வட்டத்துக்கு என்ஸோன்னு பேரு. போட ஒரு நொடிதான், ஆனா அந்தக் கை அதுக்கு முன்னாடி என்னெல்லாம் பண்ணியிருக்குன்னு பாருங்க.

ஹகுயின்னு ஒரு ஜென் துறவி, 1686ல ஜப்பான்ல ஃபுஜி மலைப்பக்கம் ஹாராங்கற ஊர்ல பிறந்தவர். வாலிபத்துல பிரஷ்ல அழகா எழுதற எழுத்துக்கலைமேல அவ்ளோ வெறி. இருபதைத் தாண்டின வயசுல மட்சுயாமாங்கற ஊர்ல ஒரு பழைய துறவி எழுதின சுருளைப் பார்க்கறார், எழுத்து ஒண்ணும் அப்படி அழகில்ல, ஆனா எல்லாரும் அதைப் பொக்கிஷமா வச்சிருக்காங்க, எழுதின மனுஷனுக்காகத்தான் இந்த மரியாதைன்னு அவருக்கு உறைக்குது, திரும்பி வந்து தான் எழுதினது வரைஞ்சது எல்லாத்தையும் எரிச்சுடறார்.

இதைக் கேட்டுட்டுத்தான் பயிற்சியே வேண்டாம்னு நிறைய பேர் கிளம்பிடறாங்க. எனக்கு இதுல நிஜமாவே வருத்தம். அவர் எரிச்சது தாளைத்தான், பழகின கை அப்படியேதான் இருந்துச்சு. அப்புறம் எத்தனையோ வருஷம் தியானம், சீடர்கள், ஊர் ஊரா போதனை. இன்னைக்கு நமக்குக் கிடைக்கற அவர் ஓவியங்கள் பெரும்பாலும் அறுபதுக்கு மேல வரைஞ்சது. ஓய்த்தாங்கற ஊர்ல மஞ்சுஜி கோயில்ல அவர் வரைஞ்ச ஒரு தருமா படம் இருக்கு, அதாங்க போதிதர்மர், தென்னிந்தியாவுல இருந்து போனவர்னு ஜென் மரபு சொல்ற அதே ஆள். ஆறடிக்கு மேல உயரம், கருப்புப் பின்னணி, சிவப்பு அங்கி, முழிச்சுப் பார்க்கற கண்ணு. எண்பது வயசை ஒட்டி வரைஞ்சது அது.

இன்னொண்ணு. அவரோட பல படங்களைப் பெருசாக்கிப் பார்த்தா கனமான மை கோட்டுக்குப் பக்கத்துலயே மங்கலா வேற கோடுகள் தெரியும். முதல்ல ஸ்கெட்ச் போட்டிருக்கார்! ஆனா பிரஷ் அந்தக் கோட்டுமேல போகாம தன் வழில போயிருக்கு. புகைக்கரியும் பசையும் சேர்த்த மைக்கட்டியைக் கல்லுல தண்ணி விட்டுத் தேய்ச்சு எடுக்கற மை அது, தாளோ உடனே உறிஞ்சிடும், கை ஒரு கணம் தயங்கினாலும் அங்க திட்டா ஊறிடும், அழிக்க வழியே கிடையாது. தயங்காத அந்தக் கை மனசைக் காலி பண்ணினதால மட்டும் வந்ததில்ல.

கைப்பழக்கம் மட்டும் போதும்னும் நான் சொல்லல, அப்படின்னா அவர் எதையும் எரிச்சிருக்கவே மாட்டாரே. நீங்க ஷேடிங் பழகறப்போ சார் பாராட்டணும்னு கை போகுதா, எதிர்ல இருக்கற சொம்பைப் பார்த்துப் போகுதா? முதல்ல சொன்னதுன்னா அதை விடுங்க. கிளாஸை விடாதீங்க.