நின்ற இடத்திலேயே ஓடும் குதிரை

கேள்வி: ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் ஒரு குதிரை நின்ற இடத்திலேயே ஓடியதைப் பார்த்தேன். பார்க்க அழகுதான், ஆனால் அடித்துத்தானே பழக்கியிருப்பார்கள்? (வாசகி, கரூர்)

பதில்: அதற்கு பியாஃப் என்று பெயர். ட்ரெஸ்ஸாஜில், அதாவது குதிரையின் அசைவுகளுக்கு மதிப்பெண் தரும் போட்டியில், உச்சப் படியான கிராண்ட் பிரீயில் அப்படி 12 முதல் 15 முறை காலெடுத்து வைக்க வேண்டும். குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது, மேலே ஆள் ஏறினால் பாரம் இன்னும் கூடும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னங்கால்களுக்கு மாற்றுவதுதான் இத்தனை வருடப் பயிற்சியும். அதனால் அடுத்த முறை முன்னங்காலைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல பியாஃபில் குதிரை உட்காரப் போவதுபோல் இடுப்பு தாழும், தோள் லேசாகும், வலது முன்னங்காலோடு இடது பின்னங்கால் ஒரே தாளத்தில் எழும்.

அடித்தும் காலைத் தூக்க வைக்கலாம், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப் பழகிய குதிரை வாலைச் சுழற்றும், வாயைத் திறக்கும், முதுகு விறைத்துப்போகும். நடுவர் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான், அங்கே தாராளம் காட்டினால் எனக்குக் கோபம் வரும்.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் லிப்பிசானர் இன ஆண்குதிரைகளுக்கு நாலு வயது வாக்கில் பயிற்சி தொடங்குகிறார்கள். முழுதாகத் தேற ஆறு வருடம்போல் ஆகும். பியாஃப் உறுதியான பிறகுதான் லெவேட்: முன்னங்கால்களை மடக்கி, தரையிலிருந்து 35 டிகிரிக்கு மேல் எழாமல், முழு எடையையும் மடங்கிய பின்னங்கால்களில் தாங்கி அசையாமல் நிற்பது. இரண்டு மூன்று நொடிதான், தொடை நரம்பெல்லாம் புடைத்து நிற்கும். அப்புறம் கேப்ரியோல், அந்தரத்தில் எழும்பிப் பின்னங்கால்களை உதைப்பது. எல்லாக் குதிரைக்கும் இது வராது. எதற்கு எது வரும் என்று பார்த்து அதை மட்டுமே சொல்லித்தருகிறார்கள், எனக்குப் பிடித்ததே அந்தப் பொறுமைதான்.

கேள்வி: ஆசிய விளையாட்டில் நம் அணி தங்கம் வாங்கியதே, அதிலும் பியாஃப் உண்டா? (வாசகர், ஓசூர்)

பதில்: இல்லை. 2023-இல் ஹாங்சோவில் நடந்தது அதற்குக் கீழ்ப் படி. கேன்டர் என்ற தாவு ஓட்டத்தில் அரைச்சுற்றுத் திரும்புவது, மூன்று அல்லது நாலு தாவலுக்கு ஒரு முறை முந்தி வைக்கும் காலை மாற்றுவது, அதுவே கடினம். அந்த அணியில் இருந்த அனுஷ் அகர்வாலா மறு வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராண்ட் பிரீயே ஓட்டினார், அதில் பியாஃபும் உண்டு.