பழைய ட்யூப் ஆம்பும் டூ பின் பிளக்கும்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கிட்டார் ஆம்பின் மெயின்ஸ் வயரைச் சுற்றியவை. உயர் வோல்டேஜ் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் பதிலைப் படித்துவிட்டு, ஆம்பைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் வைத்திருக்கிறேன். பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது. பின்பக்கத்து கிரவுண்ட் ஸ்விட்சைத் திருப்பினால் நின்றுவிடுகிறது. அப்படியே வாசிக்கலாமா?

வேண்டாம். அந்த ஸ்விட்சுக்கும் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) நடுவே 0.047 மைக்ரோஃபேரட், 600 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று இருக்கும். ஸ்விட்ச் அதை மெயின்ஸின் ஏதாவது ஒரு கம்பியோடு இணைக்கிறது. அது ஃபேஸாக இருந்தால் சேசிஸ், கிட்டார் கம்பி, உங்கள் கை, உதடு என்று கரண்ட் மைக்கின் எர்த்துக்குப் போகிறது. 120 வோல்ட்டில் சுமார் 2 மில்லிஆம்பியர்தான், அதனால் சுள்ளென்பதோடு நிற்கிறது. அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டால் முழு மெயின்ஸும் கிட்டார் கம்பியில் நிற்கும். 600 வோல்ட் என்பது டிசிக்கான அளவு. ஏசி மெயின்ஸில் காலமெல்லாம் கிடக்கச் செய்த பொருள் அல்ல அது. இதை 'டெத் கேப்' என்று சொல்வது சும்மா இல்லை.

அந்தக் கெபாசிட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள். ஸ்விட்ச் அழகுக்கு இருக்கட்டும், வயர் மட்டும் வேண்டாம். பின்னால் உள்ள டூ பின் சாக்கெட்டின் இணைப்பையும் எடுத்துவிடுவது நல்லது. அப்புறம் மூன்று கோர் வயர் போடுங்கள். எர்த்துக்குத் தனி போல்ட், ரிங் லக், பல் வாஷர். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் சேர்க்காதீர்கள். எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்தால் அதுதான் கடைசியாக அறுபட வேண்டும்.

ஃபேஸ் முதலில் ஃபியூஸ் ஹோல்டரின் அடிமுனைக்கு, பக்கவாட்டு முனையிலிருந்து ஸ்விட்சுக்கு, அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு. நியூட்ரல் நேராக டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனைக்கு. முடித்ததும் பிளக்கின் எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள், ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும்.

வாங்கிய வயரில் கறுப்பு, வெள்ளை, பச்சை இருக்கிறது. நம் ஊரில் கறுப்பு நியூட்ரல்தானே?

அமெரிக்க வயரில் கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். இந்தியாவில் பழகிய சிவப்பு-கறுப்பை மனதில் வைத்து இணைத்தால் ஃபியூஸ் நியூட்ரலில் போய் உட்காரும். ஃபியூஸ் போன பிறகும் உள்ளே கரண்ட் இருக்கும். இன்றைய வயர்களில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். நிறத்தை நம்பாமல் பிளக் பின்னிலிருந்து மீட்டர் வைத்து உறுதி செய்யுங்கள்.

உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கினால் போதாதா, கெபாசிட்டர்களை எதற்கு டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்?

ஃபில்டர் கெபாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும், பிளக் எங்கே இருந்தாலும் சரி. என் பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் நுனியில் நெல்மணி அளவு உருகிய குழி இன்னும் இருக்கிறது, அதை வைத்துக் கெபாசிட்டரை ஷார்ட் செய்ததன் அடையாளம். அப்படிச் செய்யாதீர்கள். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டருக்கு இரு பக்கமும் இன்சுலேட் செய்த கிளிப் போட்டு, ஒன்றைச் சேசிஸில் மாட்டி, மற்றதைக் கெபாசிட்டரின் பாசிட்டிவில் சில நொடி வையுங்கள். ஒரு கை பின்னால் இருக்கட்டும். மீட்டர் சுழியத்துக்கு அருகே வந்த பிறகே கை வைக்க வேண்டும். ஒவ்வொரு கெபாசிட்டரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அதே மாடல். 230 வோல்ட்டுக்கு எந்த ஸ்டெப்-டவுன்?

அதன் ஃபியூஸ் 2 ஆம்பியர். 120 வோல்ட்டோடு பெருக்கினால் 240 விஏ. 300 விஏவுக்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டு தனிச் சுற்று உள்ளதாகப் பாருங்கள். மலிவு விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், அதில் இரு பக்கத்துக்கும் ஒரே சுற்றுதான். வெளி சாக்கெட்டில் எர்த் பின் இல்லையென்றால் நீங்கள் போட்ட மூன்றாவது கம்பி வீண், அதைக் கட்டாயம் கேளுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும், காற்றோட்டம் கொடுங்கள்.

சின்ன ஆம்ப் ஒன்று கிடைத்தது. வால்வுகளில் (ட்யூப்களில்) 50C5, 35W4 என்று இருக்கிறது. இதற்கும் மூன்று கோர் போட்டால் சரியா?

இப்போதைக்கு பிளக்கைச் செருகவே வேண்டாம். இதில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. ஹீட்டர்களை வரிசையாகக் கோத்து மெயின்ஸிலேயே ஓட்டுகிற வகை. உள்ளே மெயின்ஸைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய பிறகுதான் சேசிஸை எர்த்தோடு சேர்க்க முடியும். இதை அனுபவசாலி செய்யட்டும்.

இரண்டு ஆம்ப் சேர்த்தால் ஹம் வருகிறது. ஒன்றின் எர்த் பின்னை எடுத்துவிடலாமா?

கூடாது. சிக்னல் வழியில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள், ஹம் போகும், எர்த்தும் இருக்கும்.

ஒரிஜினல் வயரை மாற்றினால் மறுவிலை குறையாதா?

எடுத்த வயரையும் கெபாசிட்டரையும் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, கேபினட்டுக்குள் வையுங்கள். வாங்குகிறவர் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.