வாசகர் கேள்வி: காயாத கார்பெட்டும் வேன் மெஷினும்

கேள்வி: போடியிலிருந்து மூணாறு போய் லாட்ஜ், ரிசார்ட் கார்பெட்டுகளைக் கழுவிக் கொடுக்கிறோம். இருப்பது கரண்டில் ஓடும் சின்ன மெஷின். மழைக்காலத்தில் மறுநாளும் ஈரம் போகாமல் வாடை அடிக்கிறது. வேனில் பொருத்தும் மெஷினில் 1,000 பி.எஸ்.ஐ. பிரஷர் வருமாம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் பிரஷரைப் பார்த்து வாங்காதீர்கள். கார்பெட்டுக்கு 300 முதல் 500 பி.எஸ்.ஐ. தாராளம். அதற்கு மேல் அடித்தால் தண்ணீர் அடிப்பக்கம் வரை இறங்கி அதே வாடைதான் வரும். உங்கள் சிக்கல் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுவதில் இருக்கிறது.

உறிஞ்சுவது புளோயரின் வேலை. சின்ன மெஷினின் வேக்குவம் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 100 கன அடி காற்றை இழுக்கும். வேன் மெஷின் புளோயர் 300, 400 கன அடி வரை இழுக்கும். நூலில் தங்கிய ஈரத்தைப் பிரித்துக்கொண்டு வருவது அந்தக் காற்றுதான். ஆகவே விற்பவரிடம், 'எத்தனை இன்ச் மெர்க்குரியில் எத்தனை சி.எஃப்.எம்.?' என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முன்னது உறிஞ்சும் விசையின் அளவு, பின்னது நிமிடத்துக்கு இழுக்கும் கன அடிக் காற்று. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். புளோயரை ஓட்டும் இன்ஜினில் டர்போ இல்லையென்றால் அது அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். மட்டுமட்டான இன்ஜின் வேண்டவே வேண்டாம்.

வேன் இன்ஜினிலேயே ஓடும் மெஷினில் எடை குறைவு. என்றாலும் தனி இன்ஜின் உள்ளதையே சொல்வோம். மெஷின் நின்றாலும் வேன் வீடு வந்து சேரும். மெஷினுக்கான டேங்கில் 400 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிலோ. அரை டேங்க் தண்ணீர் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் அலைந்து வண்டியை இழுக்கும். காலி டேங்கோடு ஏறி, அங்கே போய் நிரப்புங்கள்.

வேனை அறைக்குக் கீழ்ப்பக்கம் நிறுத்துங்கள். மேட்டில் நிறுத்தினால் அழுக்குத் தண்ணீர் ஹோஸ் பள்ளத்தில் தேங்கி உறிஞ்சல் விழும். இன்ஜின் புகை கதவு, ஜன்னல் பக்கம் போகவே கூடாது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

தண்ணீர் விட்டு ஒரு இழுப்பு, தண்ணீர் விடாமல் வெறுமனே உறிஞ்சி இரண்டு இழுப்பு. பிறகு வெள்ளைத் துண்டை விரித்துக் காலால் அழுத்துங்கள். துண்டு நனைந்தால் இன்னொரு இழுப்பு தேவை.

பழைய ஷாம்பு கார்பெட்டில் இருந்தால் கழிவு டேங்கில் நுரை பொங்கும். நிரம்பியதும் அடைக்கிற மிதவை நுரைக்கு அசையாது. நுரை நேரே புளோயருக்குள் போய்த் துருவேற்றும். நுரை அடக்கும் மருந்தை முன்கூட்டியே டேங்கில் ஊற்றுங்கள்.

கேள்வி: ஜனவரியில் மூணாறில் இரவு தங்கினால் மெஷினை என்ன செய்வது?

பதில்: அங்கே சில இரவுகளில் உறைபனி விழும். பம்பிலும் சூடேற்றும் சுருளிலும் நிற்கிற தண்ணீர் உறைந்து விரிந்தால் பித்தளையே வெடிக்கும். வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதிவிடுங்கள். காலையில் பம்புக்குத் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகே இன்ஜினைக் கிளப்புங்கள். வறண்டு ஓடினால் சீல் கருகிவிடும்.